கிட்னியில் கட்டி... இனி என்ன சாப்பிடுவது?

ஒரு வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்துவிட்டால் முதல் வாரத்திலேயே அங்கே வந்து சேர்பவை மூன்று. பழக்கூடை, ஹார்லிக்ஸ் பாட்டில், அறிவுரை. முதல் இரண்டும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மூன்றாவது தீரவே தீராது!

அதுவும் கட்டி வந்த இடம் சிறுநீரகம் என்றால் அறிவுரை இரட்டிப்பாகிவிடும். காரணம் இருக்கிறது. நம் ஊரில் 'கிட்னி' என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று கல். இன்னொன்று டயாலிசிஸ். கல் வந்தவருக்குச் சொன்ன பத்தியம் ஒரு பக்கம், டயாலிசிஸ் செய்பவருக்குச் சொன்ன பத்தியம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து கேன்சர் வந்த மூன்றாவது ஆளின் தட்டில் போய் விழும்போது என்ன ஆகும்? விருதுநகர் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

அவருக்கு வயது 57. மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத மனிதர். சாப்பிட்ட பிறகு வயிற்றை அடிக்கடி பிசைகிறதே, பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை சுத்தமாக இருந்தது. ஆனால் இடது சிறுநீரகத்தில் 6 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி.

சிறுநீரகப் புற்றுநோய் இப்படி வேறு எதையோ தேடும்போது கண்ணில் படுவது இப்போது மிகவும் சாதாரணம். சிறுநீரில் ரத்தம், இடுப்பின் பக்கவாட்டில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி என்று மூன்று அறிகுறிகளைப் பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். மூன்றும் சேர்ந்து வருபவர்கள் இன்று குறைவு. நிறையப் பேருக்கு ஒரு வலியும் இருக்காது. இவருக்கும் இல்லை. டாக்டர் அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். "நல்லா சாப்பிட்டு தெம்பா வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நல்லா சாப்பிடுவது என்றால் என்ன? அதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

அவர் மனைவி கெட்டிக்காரர். யார் என்ன சொன்னாலும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் பாதி நோட்டு நிரம்பிவிட்டது!

பெரியப்பா மகன் வந்தார். அவருடைய மாமனார் டயாலிசிஸ் செய்தவர். "பருப்பு ஆகாது. தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதுவும் ஆகாது. தண்ணி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதுக்கு மேல தொடக் கூடாது."

மாடி வீட்டு அக்கா வந்தார். அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் கல் இருந்தது. "தினமும் காலையில வாழைத்தண்டுச் சாறு குடுங்க. தண்ணி நாலு லிட்டராவது குடிக்கணும்."

மைத்துனர் போன் செய்தார். "சர்க்கரைதான் கேன்சருக்குச் சாப்பாடு. சர்க்கரையை நிறுத்தினா கட்டி தானா சுருங்கிடும். பாலும் கூடாது, முட்டையும் கூடாது."

கடை முதலாளி ஒரு பை நிறைய முள்சீத்தாப் பழம் அனுப்பினார். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் கோதுமைப்புல் சாறு என்றார். இன்னொருவர் கருஞ்சீரகம் என்றார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த மனிதர் கேட்டது ஒரே கேள்விதான். "ஒருத்தர் ஒரு லிட்டர்ங்கறார், ஒருத்தர் நாலு லிட்டர்ங்கறார். டேலி ஆகலையேம்மா?"

முப்பது வருடம் கணக்கு எழுதியவர் அல்லவா! ஆனால் டேலி ஆகாத கணக்கை யாரும் சரி பார்க்கவில்லை. பயத்தில் இருக்கும் வீடு ஒரு வழிதான் கண்டுபிடிக்கும். எதெல்லாம் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களோ, அதையெல்லாம் நிறுத்திவிடுவது. அப்படி நிறுத்திய பிறகு மிஞ்சியது அரிசிக் கஞ்சி, சுரைக்காய், முள்ளங்கி. மூன்று வாரம் அதுதான்.

64 கிலோ இருந்தவர் 59 கிலோவுக்கு வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் "கேன்சர் உருக்குது" என்றார்கள். உருக்கியது கேன்சரா, நோட்டா?

கட்டி வேறு, செயலிழப்பு வேறு

ஆபரேஷனுக்கு முன்னால் எடை பார்த்த நர்ஸ் பதறிப்போய் அவர்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண் நோட்டைப் பொறுமையாகக் கடைசிவரை படித்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இது. "உங்களுக்கு வந்தது கிட்னி பெயிலியர் இல்லைங்க ஐயா. கிட்னில ஒரு கட்டி. ரெண்டும் வேற வேற."

இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் 5 கிலோ மிச்சமாகியிருக்கும்.

கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்பே திரும்ப எடுத்துக்கொள்கிறது. மீதி ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது. வடிகட்டும் வேலை நின்றுபோனால் பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரியா எல்லாம் ரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயமே நின்றுவிடலாம். அதனால்தான் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்கிறார்கள். காயை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆனால் ஒரு சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறது என்பதால் மட்டும் வடிகட்டும் வேலை நின்றுவிடாது. இன்னொன்று முழுசாக வேலை செய்கிறது. இவருடைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.4. சரியான அளவு 3.5 முதல் 5 வரை. அப்படியானால் இளநீரை நிறுத்த என்ன காரணம்? ஒன்றுமே இல்லை!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கே புரதம் குறைக்கக் கூடாது. டயாலிசிஸில் புரதம் கொஞ்சம் வெளியேறிவிடுவதால் அவர்கள் சாதாரண ஆட்களைவிடக் கூடுதலாகத்தான் சாப்பிட வேண்டும். ஆக, பெரியப்பா மகன் சொன்ன "பருப்பு ஆகாது" என்பது அவர் மாமனாருக்கே முழுசாகப் பொருந்தியிருக்காது.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதன் வாழ முடியுமா என்ற சந்தேகத்துக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. 1869ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அதற்கு முன் நாய்களிடம் செய்து பார்த்து, ஒன்று போதும் என்று உறுதி செய்துகொண்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். 1954ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். உலகில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அதுதான். மிச்சமிருந்த ஒன்றோடு ஹெரிக் 79 வயது வரை, 2010 வரை வாழ்ந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னே

வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகு அந்தத் தையல் ஆற வேண்டும். ஆறுவதற்குப் புரதம் வேண்டும். புற்றுநோய் உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களின் வழிகாட்டுதல். 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 90 கிராம். கஞ்சியிலும் சுரைக்காயிலும் இதற்கு எங்கே போவது?

ஆலோசகர் ஒரு துண்டுப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். முட்டை ஒன்று 6 கிராம், ஆக இரண்டுக்கு 12. மீன் 100 கிராமுக்கு சுமார் 20. ஒரு கை துவரம் பருப்பு, 30 கிராம் என்று வைத்தால் 6 அல்லது 7. ஒரு டம்ளர் பால் 6. ஒரு கிண்ணம் தயிர் 6. சாயந்திரம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10. சோறும் இட்லியும் தருவது ஒரு 15. கூட்டிப் பார்த்தால் 75 தாண்டுகிறது.

கணக்குப்பிள்ளைக்கு இந்த பாஷை உடனே புரிந்துவிட்டது! புரத பவுடர் டப்பா எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைப்பவை. மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆபரேஷன் செலவுக்கே நகை அடகுக்குப் போன வீட்டில், ஆயிரக்கணக்கில் பவுடரும் சாறும் வாங்க எங்கே போவார்கள்?

சர்க்கரை பற்றியும் கேட்டார்கள். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கின்றன என்று 1920களிலேயே கண்டவர் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியர். அது உண்மை. பெட் ஸ்கேன் வேலை செய்வதே அந்த அடிப்படையில்தான். ஆனால் அதை வைத்து 'சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும்' என்று சொல்வது தப்புக் கணக்கு. மூளைக்கும் ரத்தத்துக்கும் குளுக்கோஸ் வேண்டும். சாப்பாட்டில் வரவில்லை என்றால் உடம்பு தன் தசையையே கரைத்து அதைச் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது கட்டி இல்லை, கட்டியைச் சுமக்கிற ஆள்தான்! அதற்காக தினமும் கால் கிலோ அல்வா சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. உடல் பருமன் இந்தப் புற்றுநோய்க்கே ஒரு காரணம். புகைபிடிப்பதும் உயர் ரத்த அழுத்தமும் மற்ற இரண்டு.

இயற்கை என்ற பெயரில்

வாழைத்தண்டில் ஆபத்து ஒன்றும் இல்லை. கூட்டு, பொரியல் என்று தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது கட்டியைக் கரைக்காது. கல் வேறு, கட்டி வேறு.

மற்றவை அப்படி இல்லை. முள்சீத்தாவை ஆய்வுக்கூடத்தில் செல்கள் மேல் ஊற்றிப் பார்த்த சோதனைகள் உண்டு. மனிதர்களின் புற்றுநோயை அது குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்புக் கோளாறு அதிகம் தெரிந்ததாக 1999ல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு பழம் என்றால் பரவாயில்லை. மருந்து மாதிரி தினம் தினம் என்பதில்தான் சிக்கல்.

நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள், அதன் இலையை அரைத்துக் குடிக்கச் சொல்வதும் உண்டு. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவைதான். ஆனால் அவை ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றப்படுபவை. சிறுநீரகப் புற்றுநோய்க்கு அவற்றால் பயன் இல்லை. அரைத்துக் குடித்தால் அளவு யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும்விட மோசமானது ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடிகள். அவற்றில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. காரணம் இந்த அமிலம்தான். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை வைத்திருக்கிறது. பெயர் தெரியாத பொடியை யார் கொடுத்தாலும், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், வாங்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுவதுதான் நல்லது.

ஆபரேஷனுக்குப் பின்னே

இடது சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். கட்டி வெளியே பரவவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.4. வடிகட்டும் திறன் 58 என்று ரிப்போர்ட் சொன்னது. ஒன்றை எடுத்துவிட்ட பிறகு இந்த அளவு எதிர்பார்த்ததுதான். ஆனால் இனி மிச்சமிருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் தட்டு மறுபடி மாறியது. காயம் ஆறும் வரை புரதம் தாராளமாக இருந்தது. ஆறிய பிறகு கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது ஒரு நாளைக்கு 50 கிராம் போதும் என்றார்கள். பொட்டாசியம் சரியாக இருந்ததால் பழத்துக்குத் தடை இல்லை. ஒரே ஆள், ஒரே வியாதி. ஆனால் மூன்று மாதத்தில் சாப்பாட்டுக் கணக்கு இரண்டு முறை மாறியது. அடுத்தவர் வீட்டு நோட்டைப் பார்த்து எழுத முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நிஜமாகவே குறைக்க வேண்டியதாக ஒன்றைச் சொன்னார்கள். உறவினர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. உப்பு! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் வீடுகளில் அதைவிட மிக அதிகம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நான்கும் சேர்ந்தால் குழம்பில் உப்பே போடாவிட்டாலும் கணக்கு எகிறிவிடும். உப்பு ஏறினால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் ஒற்றைச் சிறுநீரகம் தேயும். சோடியம் குறைவான உப்பு என்று விற்பதை வாங்கும்போதும் கவனம் வேண்டும். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். வடிகட்டும் திறன் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதேபோல வடிகட்டும் திறன் நன்றாகக் குறைந்தவர்களுக்கு ஸ்டார் ஃப்ரூட் என்கிற நட்சத்திரப் பழம் விஷம். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், இப்யூபுரூபன் மாத்திரைகளும் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னார்கள்.

தண்ணீர்? ஒரு லிட்டரும் இல்லை, நாலு லிட்டரும் இல்லை. தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதல். கணக்கு ஒருவழியாக டேலி ஆனது!

அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நிலைமை வேறு. அவருக்கு நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பசோபனிப் என்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, இரண்டு மணி நேரம் பின்னாலோ வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை அது. 'வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும்' என்று வீட்டில் இட்லியோடு கொடுத்துவந்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பக்கவிளைவும் கூடும். இந்த வகை மாத்திரைகள் பலவற்றோடு பம்ப்ளிமாஸ் பழமும் ஆகாது. மருந்தைக் கரைக்கும் நொதியை அது தடுத்துவிடும்.

வாய்ப்புண் வந்து, நாக்கில் ருசி போய்விட்ட அவருக்கு மிளகு ரசம் நெருப்பாக எரிந்தது. ஆறவைத்த குழைந்த பொங்கல், தயிர்ச் சோறு, மசித்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னார்கள். அவருக்குச் சத்துப் பட்டியலைவிட, எது உள்ளே இறங்குமோ அதுதான் நல்ல சாப்பாடு.

யார் தேர்ந்தெடுப்பது?

யோசித்துப் பார்த்தால், கேன்சர் வந்த வீட்டில் எல்லா முடிவும் வெளியே எடுக்கப்படுகிறது. எந்த ஸ்கேன், எந்தத் தேதி, எந்த மருந்து, எவ்வளவு பணம்... எதுவும் வீட்டார் கையில் இல்லை. அடுப்பு மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் அங்கே போய் நிற்கிறார்கள். அந்த அம்மா நோட்டு எழுதியது அறியாமையால் இல்லை. கணவருக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுவாக இருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாப்பிடப் போகிறவரை!

அன்று ஆலோசகர் கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு என்னங்க ஐயா பிடிக்கும்?"

மூன்று வாரத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "அயிரை மீன் குழம்பு" என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி உடனே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "தாராளமா சாப்பிடுங்க, உப்பை மட்டும் குறைச்சுக்குங்க" என்றார் ஆலோசகர். அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி அதை எழுதிக்கொண்டார்.

சாப்பாடு கட்டியைக் கரைக்காது. அதைச் செய்வது கத்தியும் மருந்தும். ஆனால் கத்தியையும் மருந்தையும் தாங்கும் உடம்பைச் சாப்பாடுதான் தரும். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு நாள் வந்தால் டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கிரியேட்டினின் எவ்வளவு? பொட்டாசியம் எவ்வளவு? இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எடை குறைந்தால் யாரிடம் வர வேண்டும்?

ஐந்தாவது கேள்வியை வீட்டுக்கு வந்து, அவரிடமே கேளுங்கள்.